எண்பத்தெட்டு இழுப்பு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு கம்பியைச் சுற்றியதுதான். பிப்ரவரி மாதத்து ஞாயிறு. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் அவருடைய சமையலறை மேசை. தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பியை மெல்லிய திருப்புளியின் தண்டில் ஆறு சுற்றுச் சுற்ற வேண்டும். அவர் சுற்றினார், நான் டார்ச் பிடித்தேன். முடித்ததும் மின்தடை அளவியில் வைத்து, எண்ணைப் படிக்கச் சொன்னார். அவருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது.

"ஒன்னு புள்ளி ஒன்னு ஓம்," என்றேன்.

"போதும். பன்னெண்டு வாட்டுல அருமையா இருக்கும்."

பக்கத்து வீட்டு டோரீனுக்காக அவர் தயார் செய்துகொண்டிருந்த வேப் கருவி அது, சிகரெட்டுக்குப் பதில் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுப்பது. கட்டைவிரல் நீளம், பழையது, மூலைகளில் சாயம் போனது.

"பன்னெண்டு வாட்டா? நான் உங்களுக்கு வாங்கிக் குடுத்தது இருநூறு வரைக்கும் போகும்பா."

"குழந்தைய வெச்சுத் தள்ற வண்டிக்கு லாரி எஞ்சின் எதுக்கு, இன்ஜினியரம்மா?"

கம்பிக்குள் திரவத்தை உறிஞ்சும் பஞ்சு வைப்பதை வியாழக்கிழமை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றுதான் டோரீன் வீட்டில் இருப்பாள், பஞ்சு வைத்த கையோடு கொடுத்துவிடலாம் என்று கணக்கு. கருவியை ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் போட்டு, வாசற்கதவுக்குப் பக்கத்தில் தொப்பி வைக்கும் பலகையில் வைத்தார். பிறகு முன்னறைக்குப் போய் நான் பரிசளித்த பெரிய கருவியை எடுத்துவந்து தேநீரோடு மூன்று முறை இழுத்தார். அறை நிறையப் புகை. ரூபார்ப் தண்டின் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை. கொஞ்சம் இருமினார். நான் கிளம்பியபோது வாசலில் நின்று நான்காவது முறை இழுத்து, அந்த வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து கையசைத்தார்.

வியாழக்கிழமை காலையில் இறந்துபோனார்.

இதயம், என்றார் மருத்துவர். நாற்பது வருட சிகரெட் ரத்தக்குழாய்களைக் கல்லாக்கிவிட்டது என்றார். நான் நம்பினேன், அடக்கம் முடிந்து கிளப்பில் ஹாம் சாண்ட்விச் சாப்பிடும்வரை. அங்கே அப்பாவுடன் வேலை பார்த்த வில்ஃப், யாரிடமோ பேசுவதுபோல என் காதில் விழும்படி சொன்னார்: "அந்தப் பெரிய மெஷினு, இருநூறு வாட்டு. அதைப் போயி தெனமும் நெஞ்சுக்குள்ள இழுத்தா என்னத்துக்காகும்?"

அதை வாங்கிக் கொடுத்தவள் நான்.

*

அப்பாவின் பெயர் நார்மன் ஹெப்வர்த். முப்பத்துநாலு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்குப் பக்கத்தில் நின்றவர். பாட்டில், ஜாம் குப்பி, மருந்துக் குப்பி. உலையின் நிறத்தைப் பார்த்தே வெப்பத்தைச் சொல்வார். கருவியில் பார்த்தால் வித்தியாசம் பத்து டிகிரிக்குள்தான் இருக்கும். அந்த முப்பத்துநாலு வருடமும் அவர் விரலிடுக்கில் சுருட்டிய சிகரெட் இருந்தது. அம்மா இறந்த வருடம் அவர் அதை விட்டார். ஒரே நாளில் விட்டார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஏழு மாதமானது என்று அவரே சொல்வார்.

கடைத்தெருவில் கார்ல் என்பவன் நடத்திய வேப் கடையில் முதல் கருவியை வாங்கினார். பேனா மாதிரி இருந்தது, ஒழுகியது. அடுத்து, வாங்குகிற எல்லாரும் செய்கிற தவறை அவரும் செய்தார். வாட் கூடினால் சிகரெட் ஆசை சீக்கிரம் அடங்கும் என்று நினைத்து ஒரு பெரிய கருவியை வாங்கினார். இரண்டே வாரத்தில் திருப்பிக் கொடுத்தார். உலை வேலைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எவ்வளவு சூடு கொடுக்கிறோம் என்பது கணக்கில்லை, எவ்வளவு கம்பிக்குக் கொடுக்கிறோம் என்பதே கணக்கு. தடித்த, நீண்ட கம்பிக்கு எண்பது வாட் வேண்டும், அதற்கு நிகோட்டின் குறைந்த திரவம்தான் ஊற்ற வேண்டும். மெல்லிய கம்பிக்குப் பன்னிரண்டு வாட்டே அதே சூட்டைத் தந்துவிடும், அதில் நிகோட்டின் கூடிய கெட்டித் திரவத்தை ஊற்றலாம். முதலாவதில் மேகம் வரும். இரண்டாவதில் சிகரெட்டை மறக்கலாம்.

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ரயில் எஞ்சின்களுக்கு மின்சுற்று வடிவமைக்கிறவள் நான். ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பரிசு தேடியபோது பெட்டியின்மேல் இருந்த பெரிய எண்ணைத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமைகளில் கார்லின் கடை சோபாவில் அப்பா உட்கார்ந்திருப்பார். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. புதிதாக வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: சிகரெட்டை எப்படி இழுப்பாய், வாயில் நிறுத்தி உள்ளே விடுவாயா, நேராக நெஞ்சுக்கா? பதிலைக் கேட்டு, முக்கால்வாசிப் பேருக்கு அலமாரியின் அடித்தட்டில் இருந்த சின்னக் கருவியைக் காட்டுவார். கார்ல் தலையில் அடித்துக்கொள்வான். "யோவ் நார்மன், நீ யாருக்கு வேலை பாக்கற?" என்பான். அப்பா, அவங்க நெஞ்சுக்கு, என்பார். அவர் கணக்கில் எழுபது பேருக்குமேல் சிகரெட்டை விட்டிருக்கிறார்கள்.

டோரீன் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சந்தையில் ஒரு பெரிய கருவியை வாங்கி, அதில் சின்னக் கருவிக்கான கெட்டித் திரவத்தை ஊற்றி இழுத்துவிட்டாள். தலை சுற்றி, வியர்த்து, குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே சிகரெட்டுக்குத் திரும்பினாள். ஏப்ரலில் அவளுக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை. அதற்குமுன் புகையை நிறுத்தியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு சுற்றுக் கம்பி அதற்காகத்தான்.

*

அடக்கத்துக்கு மறுநாள் சனிக்கிழமை, வீட்டை ஒழிக்கப் போனேன். முதலில் தேடியது பெரிய கருவியை. சமையலறையில் இல்லை, படுக்கைக்குப் பக்கத்தில் இல்லை. முன்னறையில் கண்ணாடி அலமாரிக்குள், அம்மாவின் நல்ல பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே, ஒரு லேஸ் துணியின்மேல் இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் அந்த அலமாரிக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். நல்ல பொருளை அன்றாடம் தொடமாட்டார்கள். விருந்தாளி வந்தால் எடுப்பார்கள், போனதும் துடைத்து உள்ளே வைப்பார்கள். அம்மா அந்தக் கோப்பைகளில் தனக்கென்று ஒருநாளும் தேநீர் ஊற்றிக்கொண்டதில்லை.

அந்தக் கருவி எத்தனை முறை இழுக்கப்பட்டது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். திரையை எழுப்பிப் பார்த்தேன். 88.

இரண்டு வருடத்தில் எண்பத்தெட்டு. கைபேசி நாட்காட்டியை எடுத்து நான் வந்த நாட்களைக் கூட்டினேன். இருபத்திரண்டு. ஒவ்வொரு வருகைக்கும் நான்கு. தேநீரோடு மூன்று, வாசலில் ஒன்று.

நான் போனதும் துடைத்து வைத்திருக்கிறார். மற்ற நாட்களில் தன் பன்னிரண்டு வாட்டுச் சின்னக் கருவியிலேயே இருந்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் கொல்லவில்லை. எண் சாட்சி. நோட்டுப் புத்தகத்தில் 88 என்று எழுதி, தேதி போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது, ஏனோ மறுபடியும் பார்க்கத் தோன்றியது. 92.

சாவி என்னிடம் மட்டுமே இருந்தது. தூசி கலையவில்லை. கருவியின் திரவத் தொட்டி காய்ந்து கிடந்தது. பொத்தான் சிக்கியிருக்கலாம் என்று பேட்டரிகளைக் கழற்றிப் பையில் போட்டு, நான் இருக்கும் டார்பிக்குக் கொண்டுபோனேன். அதற்கடுத்த சனிக்கிழமை திரும்ப மாட்டிப் பார்த்தேன். 96. அலமாரிக் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் பூசியதுபோல மெல்லிய படலம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது.

அன்று உட்காராமல் உடனே கிளம்பிவிட்டேன். அதற்கடுத்த வாரம் வேண்டுமென்றே போகவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது 96தான், நான் இல்லாதபோது ஒன்றும் கூடவில்லை.

இழுப்பைக் கணக்கிடும் எண்ணி பழுது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எண்ணி பழுதென்றால் எண்பத்தெட்டும் பழுது. அப்பா தினமும் இருநூறு வாட்டை நெஞ்சுக்குள் இழுத்திருக்கலாம், கருவி மறந்திருக்கலாம். வில்ஃப் சொன்னது சரியாகிவிடும். எண்ணி சரியென்றால் நான் குற்றமற்றவள். ஆனால் அப்போது அந்த எட்டு இழுப்பும் நிஜம். இரண்டில் ஒன்றைத்தான் நான் வைத்துக்கொள்ள முடியும்.

வேலையிடத்து மேசைக்குக் கொண்டுபோனேன். பேட்டரிக்குப் பதில் நிலையான மின்சாரம் கொடுத்து ஒன்பது நாள் பதிவு போட்டேன். சூடாக்கினேன், குளிர்வித்தேன், அதிர வைத்தேன். ஒரு பொய் எண்ணிக்கைகூட இல்லை. ஐந்து முறை பொத்தானை அழுத்தினேன். ஐந்து கூடியது. 101. என் வாழ்க்கையில் நான் சோதித்ததில் இவ்வளவு ஒழுங்கான சுற்று குறைவு.

*

மார்ச் கடைசி வியாழன். வீட்டைப் புதிய ஆட்களுக்குக் கொடுக்கும் நாள். காலை பத்து மணிக்குப் போனேன். வாசலில் டோரீன் நைட்டிக்குமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு சிகரெட்டோடு நின்றாள்.

"ஏன் லியான், சனிக்கிழமையானா டிவிய அவ்ளோ சத்தமாவா வெப்ப?"

வீட்டில் டிவியே இல்லை, அடக்கத்தன்றே என் தம்பி மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன். டோரீன் சாம்பலைத் தட்டினாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

"அப்ப உங்கப்பன் இருமலு எனக்கு எங்கேருந்து கேக்குது?" என்றாள். பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்பதுபோல, "பாவம், எனக்கு ஏதோ குடுக்கறேன்னு சொல்லிட்டிருந்தாரு. இனிமே என்ன. பதினோராந்தேதி என்னை வெட்டப் போறாங்க, இதையே விட முடியல," என்று சிகரெட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முன்னறையில் அலமாரியும் ஒரு நாற்காலியும் சுவர்க் கண்ணாடியும் மட்டும் மிச்சம். கருவியைப் பேட்டரியோடு லேஸ் துணியின்மேல் வைத்தேன். தொட்டியில் ஒன்றுமில்லை. காகிதக் கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு, விருந்தாளி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் குப்பை வண்டி போனது.

தேநீர் பாதியில் வாசனை வந்தது. ரூபார்ப். நான் கருவியைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் அப்பாவின் நாற்காலி இருந்த இடத்துக்குப் பின்னால் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் மனிதனின் வாய் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அது மங்கியது. தெளிந்தது. மங்கியது. தெளிந்தது. மூன்றாம் முறை மங்கியபோது, சுவருக்கு அருகில், மிக மெதுவாக, யாரோ இருமினார்கள்.

"போதும்பா," என்றேன். "உங்களுக்கு அது பிடிக்கலன்னு எனக்குத் தெரியும். நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

பரிசைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன ஒரே சொல் "பரவால்ல." எங்கள் ஊரில் அதற்குமேல் புகழ்ச்சி இல்லை.

திரையை எழுப்பினேன். 104. மூன்று.

கருவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு முன்னறையைச் சாத்தி, வாசலுக்கு வந்து, கதவைத் திறந்து படியில் நின்றேன். நான்காவது இங்கேதான். எப்போதும் இங்கேதான். ஐந்து நிமிடம் நின்றேன். வாசனை பின்னாலேயே, நடையில், என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 104. கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். 104. என்னை வழியனுப்ப அவருக்கு இன்னும் மனமில்லை.

திரும்பினேன். தொப்பிப் பலகையில், வாரக்கணக்காக நான் தூசி தட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்த சின்ன அட்டைப்பெட்டி. முதல்முறையாகத் திறந்தேன். சாயம் போன கருவி, ஆறு சுற்றுக் கம்பி, ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு குப்பி கெட்டித் திரவம். மூடியின் உட்பக்கம் அவருடைய கோணல் எழுத்து:

டோரீனுக்கு. பன்னிரண்டுக்குமேல் ஏற்றாதே. பஞ்சு நனையப் பத்து நிமிடம் பொறு. வியாழன் கொடுக்க வேண்டும்.

இன்றும் வியாழன். அவர் போகாமல் நின்றது இதற்காகத்தான், பஞ்சு இன்னும் வைக்கப்படவில்லை. டோரீனின் கதவு ஆறடி தள்ளி இருந்தது.