ஒழுகாத தெரு

இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிவியல் கற்பித்துவரும் அந்த ஆசிரியைக்கு, கண்ணால் கண்டதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தால்தான் மனம் ஆறும். பூட்டிய கதவை மும்முறை இழுத்துப் பார்ப்பார். கணவர் சாப்பிட்டாயிற்று என்றால் தட்டைப் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம், வகுப்பே வாயாடி என்றழைக்கும் மாணவி தன் கணக்கெடுப்புத் தாள்களை நீட்டினாள். பள்ளிக்குப் பின்தெருவில் முப்பத்தாறு வீடுகள். ஒன்றில்கூடக் குழாய் ஒழுகவில்லையாம்.

சொட்டும் குழாயின்கீழ்ப் பத்து நிமிடம் குவளை வைத்து, வீணாகும் நீரை வீட்டாருக்கே அளந்து காட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த பாடம். மறுநாள் பள்ளியில் தெருவார் கூடும்போது முடிவுகளைப் படிக்க வேண்டியவள் வாயாடி. பொய்க் கணக்கைப் படித்தால், இனி மாணவர் சொல்லை எவர் செவிமடுப்பார்?

"போகாமலே எழுதிட்டியா?"

"போனேன் டீச்சர். வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க."

அந்தத் துணிச்சலே ஐயத்துக்கு எண்ணெய் வார்த்தது. படிப்போர் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, தாள்களோடு தெருவில் இறங்கினார் ஆசிரியை. முதல் வீட்டில் திரை விலகி மூடிக்கொண்டது. அடுத்த வீட்டில் நாய் மட்டும் பேசியது. மூன்றாம் வீட்டுத் தையற்காரம்மா கதவைப் பாதி திறந்து, இங்கே எதுவும் ஒழுகாது என்று கேளாமலே சொன்னார். ஆசிரியை உள்ளே நுழைந்து குழாயைத் திருகினார், காற்றுதான் வந்தது.

"வால்வை ஏம்மா மூடி வச்சிருக்கீங்க?"

"ஒழுகினா இணைப்பை வெட்டுவாங்களாமே. அதுக்குத்தான் பிள்ளைங்களை விட்டு வேவு பாக்குறீங்கன்னு தெருவே பேசுது. எல்லாரும் மூடிட்டாங்க."

"யார் சொன்னாங்க?"

தையற்காரம்மா ஆசிரியையின் கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். காகிதத்தை வீணாக்கக் கூடாதென்று குடிநீர் அலுவலகம் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி, வெற்றுப் பக்கத்தில் கேள்விகளை அச்சிட்டவர் ஆசிரியையேதான். மறுபக்கத்தில், வாசலில் நிற்பவர் கண்ணில் படும்படி, கொட்டை எழுத்தில் இருந்தது: இணைப்புத் துண்டிப்பு அறிவிப்பு.

மறுநாள் கூட்டத்தில் வாயாடிதான் படித்தாள். முப்பத்தாறு வீடுகளிலும் ஒழுகல் இல்லை, டீச்சர் செய்த தவறால் எல்லா வால்வுகளும் மூடியிருந்தன என்று, ஆசிரியை எழுதிக் கொடுத்தபடியே, ஒரு சொல் விடாமல். கூட்டத்தினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். தையற்காரம்மா எழுந்தார்.

"எங்க வீட்டுல ரெண்டு குழாய் ஒழுகுது. வந்து அளந்துக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணு வந்தாப் போதும். டீச்சர் வேண்டாம்."