வரிசை மாறிய சனிக்கிழமை

மயிலாப்பூரில் போர்த்துகீசியர் கட்டிய அந்தப் பழைய கோயிலில் மாதாவுக்குச் சேலை உடுத்துவது பியாட்ரிஸ் டீச்சர்தான். பத்தொன்பது வருஷமாக, சனிக்கிழமைதோறும். பங்குச் சாமியார்கள் ஆறு பேர் மாறிவிட்டார்கள், டீச்சர் மாறவில்லை. மூன்றடிச் சுரூபத்துக்கு ஒரு முழுச் சேலையை வெட்டாமல் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. திரையை இழுத்துவிட்டு, ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு நின்றால் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது.

சேலை கொடுக்கிறவர்கள் நோட்டில் பேர் எழுதிவிட்டு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாதா ஒரு வாரம் உடுத்திய சேலை, மறு சனிக்கிழமை கொடுத்தவர் கைக்கே திரும்பும். பிள்ளை வரம் கேட்டவர்கள் அதில் தூளி கட்டுவார்கள். அவசரம் என்று யார் கெஞ்சினாலும் டீச்சர் அசைந்து கொடுத்ததில்லை. "அல்லாருக்கும் அவசரம்தாம்மா. மாதாவுக்கு முன்னாடி இன்னா பெரிய மனுசன், சின்ன மனுசன்?" என்பார். சொல்வதற்கென்ன, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமை ஒரு வியாழக்கிழமை காலியானது. இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாக உண்டாகியிருந்த மகள் ஜொவிட்டாவுக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் எகிறி, தேனாம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "அம்மா, அன்னிக்கு மாதா நம்ம சேலையக் கட்டிக்கினு இருக்கணும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள் மகள்.

நோட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு ராயப்பேட்டை ஜமீலுன்னிசாவின் பேர் இருந்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டி நேர்ந்துகொண்டு, பேத்தி பிறந்ததும் பேர் எழுதிக் கொடுத்த பச்சைப் பட்டு. டீச்சர் வெட்கத்தை விட்டுப் போன் போட்டார்.

"இதுக்குப் போய் அழுவாங்களா டீச்சர்? உங்க பொண்ணு முதல்ல. என்னுத அடுத்த வாரம் கட்டுங்க, மாதா எங்க போய்டப் போறாங்க?" என்றார் அந்த அம்மாள்.

சனிக்கிழமை மாதா டீச்சர் வீட்டு மஞ்சள் சேலையில் நின்றாள். பேரன் பிறந்தான், ஒரு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஜொவிட்டாவுக்கு அழுத்தம் இறங்கவே இல்லை. படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார்கள். பெற்ற பிள்ளையை அவள் போனில் படமாகத்தான் பார்த்தாள். டீச்சர் ஏழு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையும் கையுமாகக் கிடந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை கோயிலுக்கு வந்து, மஞ்சள் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தார். பச்சைப் பட்டைக் கையில் எடுத்தபோது மருமகன் ஜேக்கப் போனில் அழைத்தான்.

"அத்தே... போய்ட்டான் அத்தே. அவளுக்குத் தெரிய வேணாம். இப்ப சொன்னா அவ உசுருக்கே ஆபத்துன்றாரு டாக்டர்."

திரைக்கு வெளியே ஜனம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. உள்பாவாடையோடு நிற்கும் மாதாவை விட்டுவிட்டு ஓட முடியுமா? டீச்சர் கொசுவம் மடித்தார். வரிசை மாற்றியதால்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அநியாயமான நினைப்பு என்று தெரிந்தும் அதை விரட்ட முடியவில்லை. மாதாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

திரை விலகியதும் முன்னால் ஜமீலுன்னிசா, எட்டு மாதப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்கலங்கி நின்றார்.

"எவ்ளோ அழகா கீறாங்க! பேரன் நல்லா கீறானா டீச்சர்?"

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, மடித்து வைத்த மஞ்சள் சேலையோடு ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஜொவிட்டா சேலையை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். "தூளி கட்டுனா தாங்குமாம்மா?"

"தாங்கும்மா."

"இப்ப அவன் பெட்டி பக்கத்துல வெச்சிட்டு வா. மாதா கூடவே இருக்கட்டும்."

ஜேக்கப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் சேலையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

அன்று சாயந்தரம் அந்தச் சேலையில் சுற்றித்தான் பேரனைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். டீச்சர்தான் சுற்றினார்.