மைக்காரரின் சாட்சி

பாவம் செய்வதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று மைக்காரர் மனசுக்குள் நினைத்துக்கொள்வார். அந்தக் கொடுப்பினை அவருக்கு வாய்க்கவில்லை. குடிக்கலாம் என்றால் வயிற்றுப்புண். சீட்டாடலாம் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். திருட்டைப் பற்றிப் பேச்சே இல்லை; ரிப்பேருக்கு வந்த ரேடியோவில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிப் போனால்கூட வீடு தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். இப்படிப்பட்டவரை ஊர் நல்லவர் என்றா சொல்லும்? சர்ச்சில் மைக் பார்ப்பதால் மைக்காரர் என்றுதான் சொன்னது.

வார நாட்களில் கடைத்தெருவில் ரிப்பேர் கடை. ஒட்டினாற்போல் அடுத்த கடை தையற்காரம்மாவுடையது. புருஷனுக்குக் கப்பலில் வேலை, இவள் மாமியாரோடு இருந்தாள். சபையின் பாடகர் குழு போடுகிற அங்கியெல்லாம் அவள் கையால் தைத்தது. மெஷின் மோட்டார் மக்கர் பண்ணினால் "அண்ணா" என்று சுவரைத் தட்டுவாள். இவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எந்தக் கரண்ட் போர்டாக இருந்தாலும் சிவப்புப் பிடி போட்டதுதான் மெயின், புகை வந்தால் முதலில் அதைக் கீழே இழு என்று சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பழக்கம் அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக் கூடத்தின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், கரண்ட் போர்டுக்குக் கீழே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பின்னால், அவருக்கு ஒரு முக்காலி. எல்லோருக்கும் முன்னால் வந்து ஒயர் இழுத்து, மைக்கைத் தட்டி, "ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு" என்பார். கேட்பதற்கு நாற்காலிகள் மட்டும் இருக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு அவருக்கு வாய் திறக்கிற வேலை இல்லை. பாஸ்டர் மைக்கை விழுங்குகிற மாதிரிப் பேசுவார், குறைக்க வேண்டும். பெண்கள் ஐக்கியத் தலைவி மைக்கைக் கண்டாலே ஒதுங்குவார், கூட்ட வேண்டும். ரவுடிக்கு எக்கோ வைக்க வேண்டும்.

ரவுடி என்றால் முன்னாள் ரவுடி, இப்போது விசுவாசி. மாதக் கடைசி ஞாயிறு சாட்சிக் கூட்டம். பாவத்தில் கிடந்தவர்கள் மேடையேறி, எப்படிக் கிடந்தோம், எப்படி எழுந்தோம் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். ரவுடி கிடந்த கதையை விலாவாரியாகச் சொல்வார். எழுந்த கதைக்கு இரண்டு வாக்கியம். அவர் உடைத்த பற்கள் மாதாமாதம் கூடிக்கொண்டே வந்ததைப் பின்னால் உட்கார்ந்து எக்கோ கொடுத்த ஒருவர்தான் கவனித்தார். வெளியூர்ச் சபைகள் கார் அனுப்பி ரவுடியைக் கூட்டிப்போயின.

அதுகூடத் தொலையட்டும். ரவுடி பேசிய நாளெல்லாம் மைக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவாள். "மனுஷன் எங்க இருந்து எங்க வந்திருக்காரு பாருங்க" என்பாள், சோற்றைப் போட்டுக்கொண்டே. எங்கேயிருந்தும் எங்கேயும் வராமல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சோறு இறங்காது. பொறாமைதான், வேறு பெயர் வைக்க வழியில்லை. பல்லை உடைத்தவனுக்கு மேடை, ஒரு வம்புக்கும் போகாதவனுக்கு முக்காலி. வயிறு எரியாதா?

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டார்.

"ஐயா, நானும் ஒருநாள் சாட்சி சொல்லலாமா?"

பாஸ்டர் முகம் மலர்ந்தார். "தாராளமா. ஆனா சாட்சின்னா எதுல இருந்து மீண்டு வந்தோம்னு இருக்கணும். நீங்க எதுல இருந்து வந்தீங்க?"

"கடையில இருந்துதான் ஐயா வரேன்."

பாஸ்டர் அவர் தோளைத் தட்டினார். "அந்த இடது பக்கத்து ஸ்பீக்கர் கொஞ்சம் இரையுது. என்னன்னு பாருங்க."

பிறகு ஒரு கடைசி ஞாயிறு ரவுடிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாஸ்டர் நாலாபக்கமும் பார்த்தார், வேறு பாவி யாரும் தயாராக இல்லை. "நம்ம மைக்காரர் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

மைக்காரர் மேடையேறி, சின்ன வயதிலிருந்து தவறாமல் சபைக்கு வருவதைச் சொன்னார். கடவுள் தன்னைக் காத்து வருவதைச் சொன்னார். கூட்டம் நெளிந்தது. ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவியை மறைக்கக்கூடப் பிரியப்படவில்லை. ஒரு கூட்டம் எப்போது கையை விட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மனைவி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் நாக்கு சறுக்கியது.

"ஆனா, உங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு" என்றார். "என் வாழ்க்கையில ஒரு பொம்பளை இருந்தா."

குழந்தை வாயை மூடியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷமாக இந்த அமைதியை அவர் அடுத்தவர்களுக்காகப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். தனக்கென்று கேட்பது இதுதான் முதல் தடவை. அது அத்தனை இனிப்பாக இருந்தது. எங்கே, எப்போது என்று கூட்டம் கழுத்தை நீட்டியது. வாயில் வந்ததைச் சொன்னார்: "கடைக்குப் பக்கத்திலேயே."

யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் பாடகர் குழு வரிசையை நோக்கி முதலில் ஒரு தலை திரும்பியது, பிறகு வரிசை வரிசையாகத் திரும்பின. பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்த தையற்காரம்மாவுக்கு எதற்கு எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மைக்காரர் மனைவியின் காலில் விழாத குறையாகச் சொன்னார். "அதெல்லாம் சும்மா. வாய் தவறி வந்துடுச்சு."

"தெரியும்" என்றாள் அவள். "உங்களுக்கு அந்தத் துப்பு ஏது?"

நிம்மதி வருவதற்குப் பதில் சுருக்கென்றது. தன் பொய்யை நம்பாமல் போனதற்காகப் பெண்டாட்டி மேல் கோபப்பட்ட புருஷன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

துப்பு இல்லை என்று தெரிந்தவள், அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று, புருஷனை மன்னித்த கதையைச் சொன்னாள். எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதற்கடுத்த வாரம் மன்னிப்பு இன்னும் நீண்டது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தலாம் என்று அவரிடமே கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் ஆளுக்கொரு சாட்சி ஆகிவிட்டது.

தையற்காரம்மாவிடம் துணி கொடுத்திருந்தவர்கள் அரைகுறையாகவே திரும்ப வாங்கிப்போனார்கள். குழுவிலிருந்து கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். அவள் தைத்த அங்கியை அவளிடமிருந்தே வாங்கி மடித்து வைத்தார்கள். கப்பலிலிருந்து வருகிற போன் நின்றது. ஒருநாள் மத்தியானம் அவள் ரிப்பேர் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, என் பேரைச் சொன்னீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. யார் பேரையும் சொல்லல."

"சொல்லியிருந்தா பொய்யின்னு சண்டை போடலாம். சொல்லாத பேரை நான் எப்படி இல்லைன்னு சொல்றது?" அவள் குரல் உடையவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "அவர் அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அந்த ஆள் வாயாலேயே அது அவ இல்லைன்னு சொன்னா நம்புறேன், இல்லேன்னா திரும்பி வரமாட்டேன்னு. அத்தைய கூட்டிட்டு வரேன். எந்த மைக்குல சொன்னீங்களோ அதே மைக்குல சொல்லிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"சொல்லிடறேன்மா. கண்டிப்பா சொல்லிடறேன்." அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னார்.

பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார், மூடினபடியே பேசினார். "உங்க சாட்சியைக் கேட்டுப் பிரிஞ்சிருந்த குடும்பமெல்லாம் ஒண்ணு சேர்ந்திருக்கு. இப்ப போய் பொய்யின்னா அவங்க விசுவாசம் என்னாகும்? ரெண்டு வெளியூர்ச் சபையில வேற உங்களைக் கேட்டிருக்காங்க."

"கார் அனுப்புவாங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயை மைக்காரர் பொத்திக்கொண்டார்.

கடைசி ஞாயிறு. தையற்காரம்மா மாமியாரோடு கடைசித் தூணருகே, ஆளில்லாத மிக்ஸருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாமியார் காதிலிருந்து முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். மைக்காரர் மேடையேறினார். கூடம் நிரம்பி வழிந்தது. ரவுடிகூடக் கைகட்டி உட்கார்ந்து கேட்டார்.

"போன மாசம் நான் சொன்னதுல ஒரு பொய் இருக்கு" என்று ஆரம்பித்தார்.

கூடம் மூச்சை இழுத்துப் பிடித்தது. அந்த அமைதி, அதே அமைதி, போன தடவையைவிடக் கனமாக வந்தது. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துவிடும். அவளுக்கு வாழ்க்கை திரும்பக் கிடைக்கும், இவருக்கு முக்காலி திரும்பக் கிடைக்கும். முன்வரிசையில் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரவுடியைப் பார்க்கிற கண்ணால்.

"ஒருத்தின்னு சொன்னேன்" என்றார் மைக்காரர். "ஒருத்தி இல்லை."

அல்லேலூயா என்று கூடம் அதிர்ந்தது. அவர் மேலே பேசப் பேச, பட்டென்று சத்தம் நின்றது. மின்விசிறிகளும் நின்றன. பின்னால், சிவப்புப் பிடியைக் கீழே இழுத்துவிட்டு, தையற்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மேடையில் இருந்தவரைத் தவிர யாரும் அவளைப் பார்க்கவில்லை. பாஸ்டர் முந்திக்கொண்டார். "சாட்சியைத் தடுக்கப் பிசாசு வேலை செய்யுது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுங்க." எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெப இரைச்சலுக்கு நடுவே மைக்காரர் பக்கவாட்டு வழியாகப் பின்னால் ஓடினார். கோளாறு என்றால் ஓடி வருவது அவர் வேலை.

மாமியாரின் நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் அந்த அம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் போகல" என்றாள் தையற்காரம்மா. "மைக் வேண்டாம். அவங்க காதுல மட்டும் வந்து சொல்லுங்க அண்ணா."

மைக்காரர் வாசலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். மாமியார் ஒரு செருப்பைப் போட்டாயிற்று, இன்னொன்றைக் காலால் துழாவினார். அந்தத் தூரத்துக்கு இவர் சத்தம்கூடப் போட வேண்டாம். சாதாரணமாகப் பேசினாலே கேட்டிருக்கும்.

அவர் கையை நீட்டிச் சிவப்புப் பிடியை மேலே தள்ளினார். மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. அவள் முகத்தைப் பார்க்காமலேயே நடந்து, மேடையேறி, பழக்க தோஷத்தில் மைக்கை ஒரு தட்டு தட்டினார்.

"ஹலோ" என்றார். சத்தம் நன்றாக வந்தது.