செவேரோவின் பல்செட்டு

என் அக்கா புருஷன் செவேரோ கோல்கேக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. இருந்தும் ஒருரோ என்ற சுரங்க ஊரில் எங்கள் வாத்தியக் குழுவின் முதல் ட்ரம்பெட் அவர்தான். வாசிப்பதெல்லாம் பல்செட்டை நம்பித்தான். படுக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார். பொக்கை வாயை எவுசேபியா அக்கா பார்த்துவிடக் கூடாதாம். பதினொரு வருடக் குடித்தனத்தில் இப்படியும் ஒரு ரோஷம்! போதாததற்கு, ஒத்திகை முழுக்க, களைப்புத் தெரியாமலிருக்க மெல்லும் கோக்கா இலையையும் அதோடு சேர்க்கும் இனிப்புச் சாம்பல் கட்டியையும் அந்தச் செட்டுக்கடியில் அதக்கிக்கொள்வார். நான் பெரிய டிரம் அடிப்பவன். என் பல் போனால் என் டிரம்முக்கு ஒன்றும் ஆகாது.

மகள் லிதியா இதயக் கோளாறில் கிடந்தபோது, மூன்று வருடம் கார்னிவல் திருவிழா ஊர்வலத்தில் சுரங்க மாதா கோயில் வாசல்வரை நிறுத்தாமல் வாசிப்பதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தாள். இரண்டு வருடம் வாசித்தும் முடித்தார். மூன்றாவதற்குப் பத்து நாள் இருக்கும்போது வாய் எரிய ஆரம்பித்தது. மருந்துக்கடையில் தானாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினார். அண்ணம் இன்னும் சிவந்து, வாயோரம் வெடித்தது.

பல் டாக்டர் வில்மா செட்டைச் சுரண்டிக் காட்டினார்.

"இது பூஞ்சை. ஆனா தனியா இல்ல. பாக்டீரியா இனிப்பத் தின்னு பசை விடுது. அந்தப் பசையில பூஞ்சை இழை விட்டு ஊணிக்குது. ஒண்ணுக்கொண்ணு காவல். நீங்க மாத்திரைய முழுங்கி, பூஞ்சைய அடக்கி வெச்சிருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்னுட்டீங்க. ரெண்டு வாரம் செட்டு போடாம மருந்து தடவுங்க."

"கார்னிவல் முடிஞ்சு வர்றேம்மா."

"அதுக்குள்ள வாய் புண்ணாயிடும்."

வெளியே வந்ததும் திட்டினேன். "மச்சான், தூங்கும்போதாவது கழட்டித் தொலைங்க. அக்கா என்ன ஓடியா போயிடுவா?"

"அவள விடு மாப்ளே. நேர்ச்சை குறைஞ்சா லிதியாவுக்கு ஏதாவது ஆயிடும். பயமா இருக்குடா."

எனக்கும் பயம்தான். அதனால் அதற்குமேல் பேசவில்லை. இன்றுவரை அதற்காக என்னையே ஏசிக்கொள்கிறேன்.

கார்னிவல் சனிக்கிழமை ஊர்வலத்தில் நாலு மணி நேரம் வாசித்தார். ட்ரம்பெட்டின் வாயெல்லாம் ரத்தம். கோயிலுக்கு இரண்டு தெரு இருக்கும்போது உதடு பிடிக்காமல் வெறும் காற்றுதான் வந்தது. பின்னால் அடுத்த குழு நெருக்கியது. எங்களால் நிற்க முடியவில்லை.

ஊர்வலத்தில் எங்கள் வாத்தியத்துக்கு ஆடி வந்தவர்கள் வாசலில் முகமூடியைக் கழற்றிவிட்டு முழங்காலில் கோயிலுக்குள் போவார்கள். வாத்தியக்காரர்கள் நாங்கள் வெளியே நிற்போம். செவேரோ அவர்களோடு முழங்காலிலேயே போனார். நான் டிரம்மைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். பீடத்தின் முன்னால் அவர் பல்செட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். லிதியாவின் கையைப் பிடித்தபடி அக்கா அங்கேதான் நின்றாள்.

"ரெண்டு தெரு குறைஞ்சுபோச்சு மாதாவே," என்று குழறினார். "தப்பு என்னோடது. என்னப் பிடிச்சுக்க. புள்ளையத் தொடாத."

லிதியா ஓடிப்போய்ச் செட்டை எடுத்தாள். பாவாடையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் போட்டுக்கப்பா. அம்மா பாக்குறாங்க."