அடக்கி வைத்த முப்பத்தெட்டு டிராக்குகள்

ஒலிப்பதிவுக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். யாருடைய கம்ப்யூட்டரில் பாட்டு விக்கினாலும் அவருக்குத்தான் போன் வரும். "பஃபர் செட்டிங்கைக் கூட்டு. வேண்டாத குப்பையை எல்லாம் தூக்கு. கம்ப்யூட்டர் என்ன, பொதி கழுதையா?" என்று காய்ச்சி எடுப்பார்.

அன்று, அவருடைய தங்கை பாடிய பாட்டு அவருடைய கம்ப்யூட்டரிலேயே விக்கியது. சரணம் வந்ததும் ஓசை அறுந்து அறுந்து விழுந்தது. பஃபரைக் கூட்டினார், கேபிளை மாற்றினார், டிஸ்க்கைத் திட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை திரையைக் கீழே உருட்டினாள். அங்கே, சத்தத்தை அடக்கி வைத்த முப்பத்தெட்டு டிராக்குகள் இருந்தன. எல்லாம் அவள் சொதப்பியவை: இருமல், மறந்துபோன வரி, அடக்க முடியாத சிரிப்பு. நம் காதில் விழாவிட்டாலும் டிஸ்க் அத்தனையையும் பாட்டோடு சேர்த்துப் படித்துத் திணறிக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் குப்பையைத் தூக்கச் சொல்றே. இதைத் தூக்க வேண்டியதுதானேண்ணா?"

அவர் முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாக வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிப் பத்திரப்படுத்தினார். பாட்டு தங்குதடையில்லாமல் ஓடியது.

"பாடும்போது சிரிச்சதுக்குத்தானே அன்னைக்கு என்னை அந்தத் திட்டு திட்டினே?"

"திட்டினேன்," என்றார். "அழிச்சேனா?"