தரை காய்ந்திருந்த காரணம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். கூச்சத்தை விட்டு இதை எழுதுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மகன் வாடகைக்கு ஓட்டும் கார் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டி. இரண்டு தடவை ஒழுக்கை அடைத்தும், ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறக் கூலண்ட் மறுபடியும் குறைந்தது.

"காலையில வண்டிக்குக் கீழ ஈரம் இருக்கா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஒரு சொட்டு இல்ல அண்ணாச்சி," என்றான் மகன்.

"அப்பம் எஞ்சினே குடிக்குது. பிரிச்சிர வேண்டியதுதான்."

எஞ்சின் எப்படிக் குடிக்கும்? எனக்கு அதே யோசனை. மறுநாள் விடியும்போதே எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். எங்கள் ஆட்டுக்குட்டி வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரையை நக்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அங்கன என்னத்த நக்குத?"

அப்படி என்ன ருசி என்று, மிச்ச ஈரத்தை விரலில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனேன். மகன் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டான்.

"யம்மா! இனிப்பாத்தான் இருக்கும், ஆனா விஷம்லா!"

திரும்பிப் பார்த்தால் குட்டி தள்ளாடியது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்றாம் நாள்தான் தழையைக் கடித்தது. எனக்கும் அன்றுதான் சோறு இறங்கியது.

விடியும் முன்பே குட்டி நக்கிக் காயவைத்த இடத்துக்கு நேர் மேலே ரப்பர் குழாயில் கீறல் இருந்தது. "ஆச்சி, குட்டிய நம்ம ஷெட்டுக்கு வேலைக்கு அனுப்புங்க," என்று மெக்கானிக் சிரித்தார்.

இப்போது குட்டியைக் கொல்லைப்புறம் கட்டுகிறேன். சொட்டு விழுந்தால் மண் போட்டு அள்ளிப் புதைக்கிறேன். தரை காய்ந்திருந்தால், முன்பே அங்கே யாராவது வந்து நக்கிவிட்டுப் போனார்களா என்றும் பார்க்கிறேன்.