கிட்டங்கிக்கு அந்தப் பக்கம்

கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவில் கிட்டங்கித் தாம்போதி. தண்ணீருக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட ஒரு வீதி, அவ்வளவுதான். எங்கள் கரையோரத்து மீன் அதன் வழியாகத்தான் உள்ளே போகும், அங்கத்தைய நெல் இங்கே வரும், என்னைப் போன்ற டீச்சர்மார் போய்வருவோம். அன்று கல்முனையில் நல்ல வெயில். ஆனால் மேற்கே மலையில் கொட்டிய மழை, பாடசாலை விடுவதற்குள் தாம்போதியை மூடிவிட்டது.

எனக்கு அந்த மலை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் உம்மாவோடு ஐந்து மாதக் கைக்குழந்தை. போத்தலை வாயில் வைத்தாலே துப்புகிற மகள். அவளுடைய வாப்பா கட்டாரில். கரைக்குப் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன்.

"இந்த இழுவைக்குள்ள ஆரும் இறங்க ஏலா டீச்சர், நாளைக்குப் பாப்பம்," என்றார் நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தோடு நின்றவர். கூடப் படிப்பிக்கும் தமிழ் டீச்சர் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போனார். பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் கிடந்தது.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரத்தில் உம்மா போனில் கோல் எடுத்தார். பின்னால் மகளின் அழுகை, களைத்துப்போன அழுகை. பிறகு என் தம்பியின் மனைவி பேசினாள். அவளுக்கும் பால்குடி மறக்காத மகன் ஒருவன்.

"மச்சி, நான் பால் குடுக்கட்டா?"

மகள் பிறந்த அன்றே அவளுடைய மகனுக்கென்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்தாயிற்று. ஒருதரம் இருதரம் கொடுத்தால் மார்க்கத்தில் ஒன்றுமில்லை. வெள்ளம் வடியும்வரை வயிறு நிரம்ப நிரம்பக் கொடுத்தால் அவள் பால்தாய், பிள்ளைகள் இரண்டும் உடன்பிறப்பு. பிறகு நிக்காஹ் கூடாது. அது தெரிந்துதான் கேட்டாள்.

"குடுங்க மச்சி," என்றேன். "அழவிடாதீங்க."

மறுநாள் பின்னேரம்தான் அந்த உழவு இயந்திரம் என்னை ஏற்றியது. மூட்டைகளை இறக்கவில்லை, பாரம் இருந்தால்தான் பின்னால் இழுக்கும் பெட்டி மிதக்காதாம். நெல் மூட்டை மேல் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் மகள் கன்னத்தில் பால் காயாமல் தூங்கினாள். நிம்மதியில் அழுதேன், வயிற்றெரிச்சலிலும் அழுதேன். மச்சியும் அழுதாள். பிறகு தன் மகனைத் தூக்கிவந்து, அவன் கையை என் மகளின் தலையில் வைத்தாள்.

"மகன், இது உங்கட தங்கச்சி. எழுப்பாமக் கொஞ்சுங்க."